கோரம்

ஹே என்று ஓர் ஊர்.
யாரையோ கூப்பிட்டுவிட்டு
பதில் வராமல் அப்படியே நின்றுபோன பெயர்.
சிட்னிக்கு எட்டு மணிநேரம்,
அடிலெய்டுக்கும் ஏறக்குறைய அதே.
நடுவில் சமவெளி. அதன் நடுவில் நாங்கள்.
நாங்கள் என்றால்
இலக்கிய, கலை வட்டம்:
பதினான்கு உறுப்பினர்,
ஒழுகும் வெந்நீர்க் கொதிகலன் ஒன்று,
நாற்பது நாற்காலி, அதில் நான்கு ஆடும்.

நான் பொருளாளர்.
திருமகள் என்ற பெயரை முதல் கூட்டத்திலேயே
திரு என்று நறுக்கிவிட்டார்கள்.
ஆறு வருடமாகக் குறிப்பேட்டில்
நான் ஓர் ஆண்பிள்ளை.
அந்தச் சிரிப்பைப் பங்கிட
இருநூறு கிலோமீட்டருக்குள் ஆளில்லை.
பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறேன்,
இரவில் பிஸ்கட் டின்னில் சில்லறை.

ஆண்டுப் பொதுக்கூட்டம், ஆகஸ்ட், ஏழரை மணி.
ஏழரை வேண்டாம் என்று
சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
காரணம் கேட்டால்
சனிக்கிரகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஏழு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.
வந்தது ஆறு.
"கோரம் இல்லை" என்றார் நோரீன்.
தமிழில் அது நல்ல செய்தி.

கிளாரி ஃபோன் போட்டுப் பார்த்தார்.
ஒருவர் ஆடு ஈனும் கொட்டகையில்,
கை முழங்கை வரை உள்ளே.
ஒருத்தி நெட்பால் பயிற்சியில்.
ஒருவர் வீட்டில் இல்லை என்று
அவரே சொன்னார்.

அப்புறம் டெஸ்மண்ட்.
ஜூலை முதல் தேதி தவறாமல்
வங்கியிலிருந்து அவர் சந்தா பத்து டாலர்
வந்துவிடுகிறது,
ஆளை அடக்கம் செய்து இரண்டு வருடமாகியும்.
லோர்னா அதை நிறுத்தவில்லை.
நிறுத்துங்கள் என்று நானும் சொல்லவில்லை;
தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.
"சந்தா கட்டியவர் என்றுதான் விதியில் இருக்கு,
மூச்சு விடணும்னு இல்லையே" என்றாள் மரிலூ.
சிரித்தோம்.
பிறகு கொதிகலன் சொட்டுவது
கொஞ்ச நேரம் கேட்டது.

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தான்
யாரோ ஒரு தொப்பிக்காரன்.
வெளிச்சம் பார்த்து நிறுத்தினேன்,
கழிப்பறை இருக்கிறதா என்றான்.
இருக்கிறது என்றார் நோரீன்.
கம்பளி கத்தரிப்பவர்களுக்கு
முப்பது வருடம் சமைத்த குரல்.
"அரைச் சந்தா ஐந்து டாலர்.
போய்விட்டு வந்து உட்கார்."

அவன் பெயர் கெல்.
வெளியே மூன்றடுக்கு லாரி,
அதில் எத்தனை ஆடு என்று தெரியாது.
தலைமையுரை முழுக்க அவை கத்தின.
நான் கணக்கு வாசித்தபோது மட்டும்
அடங்கின, அல்லது
எனக்குக் கேட்கவில்லை.

புதுக் கொதிகலன் வாங்குவது:
கெல் வழிமொழிந்தான்.
நீச்சல்குளச் சுவரில் மரிலூ
கொக்கு வரைவது:
எந்தச் சுவர் என்று தெரியாமலே வழிமொழிந்தான்.
டெனிலிக்வினிலிருந்து வரும் கவிஞருக்கு
பெட்ரோல் செலவு:
இங்கே கொஞ்சம் யோசித்தான்.
"கவிதைக்கு ஆளே வரணுமா?
ஃபோனில் வாசிச்சா ஆகாதா?"
"ஏன், உன் ஆட்டை
ஃபோனில் அனுப்பேன்" என்றார் நோரீன்.
கெல் கையைத் தூக்கினான்.

ஒன்பது இருபதுக்கு எழுந்தபோது
அவன் துணைத்தலைவர் ஆகியிருந்தான்;
வேறு யாரும் நிற்கவில்லை.
ரசீதுக்கு முகவரி கேட்டேன்.
நாளை எங்கே இருப்பேன் என்று மட்டும்
சொன்னான். அதையே எழுதினேன்.

நாற்காலிகளை அடுக்கினோம்.
ஆடும் நான்கை மேலே வைத்தோம்,
அடுத்த முறையும் முதலில் எடுக்க
அவைதான் கைக்கு வரும்,
தெரிந்தேதான்.

ஐந்து டாலர் நோட்டில் கம்பளி எண்ணெய் வாடை.
டின் முழுக்க ஏறிவிட்டது,
டெஸ்மண்டின் உறையிலும்.
விளக்கை அணைத்துச் சாவியை
மின்மீட்டர் பெட்டிக்குள் வைத்தேன்,
ஊருக்கே தெரிந்த ரகசிய இடம்.
கெல்லிடமும் சொல்லியிருக்கலாம்.
லாரியின் சிவப்பு விளக்கு
இன்னும் தெரிந்தது.
இங்கே சாலை வளைவதில்லை,
ஒருவர் போய் முடிக்க
நேரமாகும்.